மூச்சுப் பழகிய சுவர்

"அந்த மூணு நாளும் உள்ளே யார் யார் இருந்தீங்க?"

"எல்லாருந்தான்."

"எல்லாரும்னா?"

"எல்லாரும்னா எல்லாருந்தாம்மா. பண்ருட்டிலேருந்து சித்தப்பா குடும்பம், நெய்வேலி சனம், தம்பி பொண்டாட்டி பொறந்த வீட்டு ஆளுங்க ஒரு வேன் நிறைய. கிரகப்பிரவேசம்னா சும்மாவா?"

"நான் விசேஷத்தைக் கேட்கலம்மா. பூச்சு பூசி முடிச்சுக் கதவைச் சாத்தி வச்சீங்க இல்லையா, அந்த மூணு நாள். வெளியாள் யாரும் உள்ளே போகக் கூடாதுன்னு அப்பவே சொல்லியிருப்பாங்களே."

"சொன்னாங்க, சொன்னாங்க. அதனாலதானே பந்தலைத் தெருவுல போட்டு, பந்தியையும் அங்கேயே வச்சோம். எங்க வழியில இப்படி ஒரு கிரகப்பிரவேசம் நடந்ததே இல்ல. விடியக்காலையில பாலைக் காய்ச்சினாங்க, கதவைச் சாத்திட்டாங்க. வந்த சனம் வீட்டை வெளியில நின்னு பார்த்துட்டு, மொய்யை வச்சுட்டுப் போச்சு. நடை சாத்தின கோயிலுக்கு வந்த மாதிரி."

ரிஸ்வானா சிரிப்பை முகக்கவசத்துக்குள் அடக்கிக்கொண்டாள். அவள் சுவர் பார்க்கிறவள். நுண்ணுயிரியல் படித்துவிட்டு, உயிர்ப்பூச்சு விற்கும் நிறுவனத்தில் சேர்ந்தவள். கடலூர்ப் பக்கம் அடைமழை சற்று ஓய்ந்தால் போதும், அவளுக்கு ஓய்வு போய்விடும். பதில் சொன்னவள் கோமளா, வீட்டுக்காரர் தணிகைவேலின் அக்கா. இரண்டு தெரு தள்ளி இருந்தாலும் தம்பி வீட்டில் ஒரு தம்ளர் உருண்டால்கூட வந்து நிற்கிறவள்.

ஹாலில், வாசல் கதவை ஒட்டி, ஆள் உட்கார்ந்தால் தலை படும் உயரத்தில் சுவர் ஒரு முறம் அளவுக்குக் கறுத்திருந்தது. ஓரமெல்லாம் சாம்பல் பச்சை. ரிஸ்வானா ஈரத்துணியின் நுனியால் தொட்டுப் பார்த்தாள். உப்புப் பூத்திருந்தால் தண்ணீரில் கரைந்துவிடும். இது கரையவில்லை; மை போல இழுத்துக்கொண்டு வந்தது. நனைந்த சாக்கின் வாடை முகக்கவசத்தையும் தாண்டி மூக்கில் ஏறியது.

"பூசணம்தான்," என்றாள்.

அந்தச் சுவரை ஒட்டிய நாற்காலியில் இருந்த தணிகைவேல் இருமி முடித்துவிட்டுக் கேட்டார். "பூசணமே வராதுன்னு சொல்லித்தானேம்மா பூசினீங்க?"

"சார், இந்தப் பூச்சே ஒரு பூசணம்தான். நல்ல வகை. வீட்டு ஆளுங்க மூச்சுல வர்ற ஈரத்தைக் குடிச்சுத்தான் அது உயிரோட இருக்கு. அது இருக்கிற இடத்துல இந்தக் கறுப்பு கால் ஊன்ற முடியாது. ஆனா புதுசாப் பூசின மூணு நாள்ல எந்த மூச்சு பழகுதோ அதுதான் அதுக்குச் சாப்பாடு. பழகாத மூச்சு பட்டா ஒதுங்கிடும்."

"அப்போ விருந்தாளி வந்தா?" என்றாள் கோமளா.

"வந்துட்டுப் போறவங்களால ஒண்ணும் இல்லம்மா. வெயில் காலத்துலயும் ஒண்ணும் தெரியாது, ஜன்னல் வழியா எல்லாம் காஞ்சுபோயிடும். இந்த மாதிரி மழையில, ஜன்னலையெல்லாம் சாத்திட்டு, பழகாத ஒருத்தர் உள்ளேயே கிடந்தாத்தான். பூச்சு ஒதுங்கின இடத்துல இது வந்து உட்கார்ந்துக்கும்."

"சுவருக்கு இந்தப் புத்தி யாரு குடுத்தது?"

"யாரும் குடுக்கல. உயிருள்ளது இல்லையா, பழகினதைத் தேடுது."

கோமளா முகவாயைச் சமையலறைப் பக்கம் திருப்பினாள். "அதான் சுவரே சொல்லுதே. நான் சொன்னாத்தான் பொல்லாதவ."

சமையலறை வாசலில் தன்ஷிகா நின்றிருந்தாள். தணிகைவேலின் ஒரே மகள். மூன்று வருடங்களுக்கு முன் ஆல்வினைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனவள். வேறு ஆட்கள், வேறு சாமி என்று அப்பா பேச்சை நிறுத்தியவர் நிறுத்தியவர்தான். அதற்கு அடுத்த வருடம் இந்த வீட்டைக் கட்டிக் குடிபுகுந்தார்கள். மகளுக்குப் பத்திரிகை போகவில்லை. போன வருடம் மழை ஏமாற்றியதால் சுவரில் ஒன்றும் தெரியவில்லை. இந்தக் கார்த்திகையில் கெடிலம் கரையை உடைத்துக்கொண்டு வந்தபோது, தன்ஷிகா குடியிருந்த தெருவில் கழுத்தளவு தண்ணீர். ஆல்வின் அவளை வண்டியில் வைத்து இந்த வீட்டு கேட் வரை கொண்டுவந்தான். "அவளை வரச் சொல்லு," என்று மட்டும் தணிகைவேல் மனைவி சுகந்தியிடம் சொன்னார். ஆல்வின் சற்று நேரம் மழையில் நின்றுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். தங்கள் தெருவிலேயே பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு இன்னும் அங்கேதான் இருக்கிறான். தண்ணீர் வடியவில்லை.

இதையெல்லாம் ரிஸ்வானாவிடம் ஒருவரும் வரிசையாகச் சொல்லவில்லை. கோமளா பாதி சொன்னாள், மீதியை அவள் சொன்ன விதம் சொன்னது.

"நீங்க அந்த மூணு நாள் இங்கே இருந்தீங்களா?" என்று ரிஸ்வானா கேட்டாள்.

"இல்ல," என்றாள் தன்ஷிகா, கேள்வி முடிவதற்குள். "எனக்குத்தான் சொல்லவே இல்லையே."

அவளுக்குப் பின்னால் சுகந்தி அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ரிஸ்வானாவுக்குக் கணக்கு நேராக இருந்தது. சொல்லவேண்டியதைச் சொன்னாள். கறுத்ததைச் சுரண்டி எடுத்து, புதுப் பூச்சு போட வேண்டும். அது காய்ந்து பிடிக்கும்வரை, பழகாத ஆள் வெளியே தங்குவது நல்லது. இல்லாவிட்டால் மறுபடி வரும். சாரின் இருமலும் கூடும்.

"எங்கே தங்குறது?" என்று சுகந்தி முதல் முறையாக வாய் திறந்தாள். "ஸ்கூல்ல போட்டிருக்கிற வெள்ளக் கேம்ப்லயா?"

தணிகைவேல் மகளைப் பார்க்கவில்லை. "அவனை வரச் சொல்லு. வந்து கூட்டிக்கிட்டுப் போகட்டும்," என்று சுவரிடம் சொன்னார்.

தன்ஷிகா போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இந்த வேலைக்கு வந்தபோது ரிஸ்வானா பூசணத்தைப் பார்க்கப் போகிறோம் என்றுதான் நினைத்தாள். பார்த்ததெல்லாம் குடும்பங்களை. ஒரு வீட்டில் புது மருமகள் தலைமாட்டில் மட்டும் கறுத்திருந்தது. ராசி இல்லாதவள் என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். வசதியானவர்கள் இப்போது கல்யாணத்தோடு வீட்டுக்கும் புதுப் பூச்சு போட்டுவிடுகிறார்கள். அதற்கு 'மருமகப் பூச்சு' என்றே பெயர் வந்துவிட்டது. ஒரு வீட்டு உரிமையாளர், குடியிருப்பவர்கள் சொன்னதைவிடக் கூடுதலாக ஆள் வைத்திருக்கிறார்களா என்று சுவரைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். அவள் மறுத்துவிட்டாள். ஆனாலும் போகிற வீட்டில் எல்லாம் ஒரு கேள்வி அவளுக்குள் ஊறிக்கொண்டே இருக்கும்: யாரை வீட்டு ஆள் என்று இந்தச் சுவர் நினைத்துக்கொண்டிருக்கிறது?

மருந்தைக் கலப்பதற்கு முன் மற்ற அறைகளையும் பார்த்தாக வேண்டும். பெரிய படுக்கையறையில் பீரோவைக் கொஞ்சம் நகர்த்தச் சொன்னாள். சுகந்தியும் அவளுமாகத் தள்ளினார்கள். பின்னால் சுவர் முழுக்க, கறுப்பு வெல்வெட் துணி ஒட்டியது போல. கட்டிலின் தலைமாடு வரை வந்திருந்தது. ஹாலில் பார்த்தது இதற்கு முன்னால் ஒரு பொட்டு.

"இங்கே யார் படுக்கிறது?"

"அவர்தான். எனக்கு ஹால்ல ஃபேனுக்கு அடியில படுத்தாத்தான் தூக்கம் வரும்."

"உங்க பொண்ணு?"

"பின்னாடி சின்ன ரூம்ல."

அப்படியானால் அந்தச் சின்ன அறை இதைவிட மோசமாக இருக்க வேண்டும். ரிஸ்வானா கையுறையை இறுக்கிக்கொண்டு போனாள். சாத்திய ஜன்னல், கொடியில் காயாத துணிகள், மூலையில் அரிசி மூட்டை, சுருட்டிய பாய். பூசணத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. சுவர் மட்டும் பால் போல வெள்ளையாக இருந்தது. மூட்டையை நகர்த்திப் பார்த்தாள், பாயை விலக்கிப் பார்த்தாள். ஒரு புள்ளி இல்லை.

சுவரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, காதில் விழுந்த கதையை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டோமோ என்று அவளுக்கு உறைத்தது.

பையிலிருந்து ஊதா விளக்கை எடுத்தாள். கதவைச் சாத்தியதும் மழை இருட்டே போதுமானதாக இருந்தது. அந்த வெளிச்சத்தில் பூச்சு நன்றாக வாழும் இடம் இளம்பச்சையாக மின்னும். நான்கு சுவரும் மின்னின. மூட்டை இருந்த இடத்தில், தரையை ஒட்டிய மூலையில் மட்டும் ஒளி கொழுந்து போல அடர்ந்திருந்தது. அதன் நடுவே ஓர் இடம் வெளிறிக் கிடந்தது. தரையில் கையை வைத்துச் சுற்றிலும் கோலமாவைத் தூவிவிட்டுக் கையை எடுத்தால் எப்படித் தெரியுமோ அப்படி. ஆனால் அது கை இல்லை. ஓர் ஆளின் முதுகு. ஒரு முழங்கால் உயர்ந்து, தலை இடப்பக்கம் சாய்ந்து, யாரோ இங்கே நெடுநேரம் உட்கார்ந்திருந்த இடம். பூச்சு ஈரமாக இருந்த நாட்களில்.

ரிஸ்வானா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

கதவு திறந்தது. சுகந்தி உள்ளே வந்து, சுவரைப் பார்த்து, அப்படியே நின்றாள்.

"இங்கே யார் உட்கார்ந்திருந்தது?"

"யாரும் இல்லையே. அங்கே அரிசி மூட்டைதான் இருந்துச்சு."

"அரிசி மூட்டை மூச்சு விடாதுங்கம்மா."

"விடும்மா," என்று பின்னாலிருந்து தன்ஷிகாவின் குரல் வந்தது. அம்மாவுக்குச் சொன்னாள். கையில் துணிப்பை. கொடியில் கிடந்த ஈரச் சுடிதாரை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னாள், "உட்கார்ந்திருந்தது நான்தாங்க. அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே அம்மா என்னைப் பின்பக்கமாக் கூட்டிட்டு வந்துட்டாங்க. உங்க கம்பெனி போட்ட சட்டம் எங்களுக்குத் தோதாப் போச்சு. கதவைத் திறக்கக் கூடாது, ஜன்னலைத் திறக்கக் கூடாது, ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க. வேற எந்தக் காலத்துல இப்படி ஒரு கிரகப்பிரவேசம் கிடைக்கும்?"

"எம்பொண்ணு இல்லாம நான் எப்படிப் பாலைப் பொங்க வைப்பேன்?" என்றாள் சுகந்தி. குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "பொங்கின பாலை முதல்ல இவதான் குடிச்சா."

"மூணு நாள் இந்த மூலையிலதான். வெளியே பந்தியில அத்தை கத்துறாங்க, ரெண்டு வடை குறையுது, ரெண்டு வடை குறையுதுன்னு. உள்ளே நான் தின்னுக்கிட்டு இருக்கேன். சிரிச்சா சத்தம் வெளியே கேட்டுடும்னு அம்மா என் வாயைப் பொத்துறாங்க."

"அப்போ ஏன் இல்லன்னு சொன்னீங்க? நான் உங்களைப் போகச் சொல்லிட்டேனே."

தன்ஷிகா சுடிதாரைப் பைக்குள் திணித்தாள். "இருந்தேன்னு சொன்னா அம்மா மாட்டிக்குவாங்க. நான் ஏற்கெனவே போனவதானே, இன்னொரு தடவை போறேன். இவங்க அவரோட இந்த வீட்டுல இருந்தாகணும்."

"அவர்கிட்ட சொல்லிடாதே பாப்பா," என்றாள் சுகந்தி, ரிஸ்வானாவிடம்.

சொல்லாமல் இருப்பது ரிஸ்வானாவுக்குச் சுலபம்தான். சுரண்டி, மருந்தடித்து, பூசிவிட்டுப் போய்விடலாம். மகள் கேம்ப்புக்குப் போவாள். அடுத்த மழையில் பீரோவுக்குப் பின்னால் மறுபடி கறுக்கும். அதற்குள் அந்த இருமல் எங்கே போய் நிற்குமோ. ஏனென்றால் இந்த வீட்டில் சுவருக்குப் பழகாத மூச்சு ஒன்று இருக்கிறது. அது இந்த அறையில் இல்லை.

"உங்களைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலம்மா. அவரை ஒண்ணே ஒண்ணு கேட்கணும்," என்று விளக்கோடு ஹாலுக்குப் போனாள்.

"சார், கதவு சாத்தியிருந்த அந்த மூணு நாளும் நீங்க எங்கே படுத்தீங்க?"

"நானா? பந்தல்லதான். அண்டா, குண்டான், நாற்காலி எல்லாம் வாடகைக்கு எடுத்தது. சமையல்காரங்க வேற. யாராவது பார்த்துக்கணுமில்ல?"

"பகல்ல?"

"பகல்ல உட்கார நேரம் ஏதும்மா? வர்றவங்களை வாங்கன்னு சொல்லணும், பந்தியில இலை போதுமான்னு பார்க்கணும், தூரத்து சனத்தை பஸ் ஏத்திவிடணும். விசேஷக்காரன் எங்கே வீட்டுக்குள்ள..."

அவர் அங்கே நிறுத்தினார். வாய் நின்றாலும் யோசனை ஓடிக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது. திரும்பித் தன் நாற்காலிக்குப் பின்னால் இருந்த கறுப்பைப் பார்த்தார். பிறகு படுக்கையறைப் பக்கம் பார்த்தார். இழுத்துப்போட்ட பீரோவும் அதன் பின்னாலிருந்த சுவரும் திறந்த கதவு வழியே தெரிந்தன.

"என் வீட்டுச் சுவருக்கு என்னைத் தெரியாதா?"

"என்னடி பொண்ணே உளர்றே?" என்று கோமளா எழுந்தாள். "கல்லு கல்லா நின்னு கட்டினவன் அவன்."

"கட்டினவங்களை அதுக்குத் தெரியாதும்மா. உள்ளே இருந்தவங்களைத்தான் தெரியும்."

"அப்போ அவளை?" என்றார் தணிகைவேல்.

ரிஸ்வானா வாக்குக் கொடுத்திருந்தாள். சொல்லாமல் இருப்பதற்கும் ஒரு முகம் வேண்டும். அது அவளுக்கு இன்னும் பழகவில்லை. தணிகைவேல் எழுந்து, அவள் கையிலிருந்து விளக்கை வாங்கிக்கொண்டு, அவள் சற்று முன் வெளியே வந்த பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தன்ஷிகா பையோடு ஹாலில் நின்றாள். சுகந்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். உள்ளே இரண்டு தரம் இருமல். அப்புறம் அதுவும் இல்லை.

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு மகள் ஒரு முழங்காலை உயர்த்தி, தலையைச் சாய்த்து எப்படி உட்கார்ந்து படிப்பாள் என்று அவருக்கு ஒருவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்தபோது விளக்கை அணைக்க மறந்திருந்தார். அது அவர் வேட்டியை ஊதாவாக்கிக்கொண்டிருந்தது.

"மூணு நாளும் சோறு போட்டியா அவளுக்கு?" என்று சுகந்தியைக் கேட்டார்.

"போட்டேங்க."

"பாயசம்?"

"கடைசிப் பந்திக்கே பத்தலையே. கிடைக்கல."

அவர் தலையை ஆட்டினார். அது கோபமா வேறு ஏதாவதா என்று ரிஸ்வானாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. கோமளாவுக்கு எல்லாம் ஒரு கணம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. "அடிப்பாவி," என்றாள் சுகந்தியைப் பார்த்து, "அந்த ரெண்டு வடை!"

ஒருவரும் சிரிக்கவில்லை. தன்ஷிகாவுக்கு மட்டும் உதடு கொஞ்சம் நடுங்கியது.

"இப்ப என்னம்மா செய்யணும்?" என்றார் தணிகைவேல், விளக்கை ரிஸ்வானாவிடம் நீட்டி.

"இப்பவே சுரண்டிப் புதுப் பூச்சு போட்டுடறேன் சார். போட்டதும் கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தணும். இந்தத் தடவை நீங்க மூணு நாளும் உள்ளேயே இருக்கணும். தனியா இருந்தாப் பத்தாது, ஏற்கெனவே சுவருக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துலயே இருக்கணும். பழைய மூச்சோட சேர்ந்து வந்தாத்தான் புது மூச்சை எடுத்துக்கும்."

"சுகந்தி இருக்காளே."

"அம்மாவைப் பாதிதான் தெரியும். அன்னைக்கு அவங்க உள்ளேயும் வெளியேயுமா நடந்துக்கிட்டே இருந்திருக்காங்க. இந்த வீட்டுக்கு முழுசாத் தெரிஞ்சவங்க ஒருத்தர்தான்."

அவர் அந்த ஒருவரைப் பார்க்கவில்லை. அவளும் அவரைப் பார்க்கவில்லை. இருவரும் ஒரே கறுப்புத் திட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரே மாதிரி தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டு நிற்பதை ரிஸ்வானா கவனித்தாள்.

"இன்னொண்ணும் இருக்கு சார். அந்த மூணு நாள் உள்ளே யார் இருந்தாலும் சரி, சுவர் அவங்களை வீட்டு ஆளா எடுத்துக்கும். பின்னாடி வேணாம்னு நாம சொன்னாலும் அது கேட்காது. யாரெல்லாம் இருக்கணும்னு யோசிச்சுக் கதவைச் சாத்துங்க."

மதியத்துக்குள் வேலை முடிந்தது. கறுப்பைச் சுரண்டி நெகிழிப் பையில் கட்டி, சுவரை மருந்துத் தண்ணீரில் துடைத்து, வெப்ப விசிறியால் காய வைத்து, ஹாலிலும் படுக்கையறையிலும் புதுப் பூச்சு போட்டாள். ஈரம் மின்னியது. கோமளா, "எனக்கு எங்க வீட்டுச் சுவரே போதும்," என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சுகந்தி ஒவ்வொரு ஜன்னலாகக் கொக்கி போட்டுக்கொண்டே வந்தாள். வாசல் கதவு மட்டும் பாக்கி.

தெருவில் வண்டிச் சத்தம் கேட்டு நின்றது. கேட்டுக்கு வெளியிலேயே ஆல்வின் இறங்கினான். மழைக்கோட்டு கிழிந்திருந்தது, முழங்கால் வரை சேறு. போன தடவை எந்த இடத்தில் நின்றானோ அதே இடத்தில் நின்றுகொண்டான்.

தன்ஷிகா பையைத் தோளில் மாட்டினாள். "வர்றேம்மா," என்றாள். ஒரு கால் செருப்பைப் போட்டாள். மறு செருப்பு படியில் கவிழ்ந்து கிடந்தது. அதைக் காலால் புரட்டிக்கொண்டிருந்தபோது தணிகைவேல் நாற்காலியைப் பிடித்து எழுந்து, வாசல் நிலை வரை வந்தார். வந்தவரை இருமல் மடக்கியது. நிலையைப் பிடித்துக்கொண்டு, அது அடங்கும்வரை நின்றார்.

ரிஸ்வானா வாளியைக் கழுவுவதை நிறுத்தினாள்.

"தன்ஷி," என்றார் அவர். பார்வை கேட்டுக்கு அப்பால் இருந்தது. "அந்தப் பையனை வண்டியை உள்ளே விட்டுட்டு வரச் சொல்றியா? கதவைச் சாத்தணும்."